அப்பா அச்சிட்ட ஒன்பது கட்டளைகள்

நடந்தவை இவை. வரிசை எண் போட்டு எழுதுவது என் தொழில் பழக்கம். உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. எங்கள் சபையின் புத்தாண்டுக் காலண்டரை அச்சிடும் ஆர்டர், சிவகாசியில் அப்பா மிஷின்மேனாக வேலை பார்த்த அச்சகத்துக்கு வந்தது. பத்துக் கட்டளைகளும் சபைக் கமிட்டியாரின் புகைப்படங்களும் அதில் இடம்பெற வேண்டும்.

2. இரண்டுக்கும் இடம் போதவில்லை. கட்டளைகளில் ஒன்று நீக்கப்பட்டது.

3. அது தெரிந்தே அப்பா மிஷினை ஓட்டினார்கள்.

4. ஜனவரி முதல் ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, அதைச் சபையாரிடம் ஒப்புக்கொண்டார்கள்.

5. பிப்ரவரியில் சபைப் பட்டியலிலிருந்து அப்பாவின் பெயர் எடுக்கப்பட்டது.

6. அந்த நவம்பரில் அப்பா இறந்தார்கள். சபையின் கல்லறைத் தோட்டத்தில் அம்மாவின் பக்கத்தில் இடம் கேட்டோம். கிடைக்கவில்லை.

அப்பா இறந்து ஓராண்டு நிறைவடைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் பலர் அந்த ஜனவரி ஆராதனையில் இருந்தவர்கள். அவர்களுக்குத் தெரிந்த கதைதான். தெரிந்தும் பேசாமல் இருந்த கதை என்பதால் எழுதி வைக்கிறேன்.

அப்பா பிறந்தது ஆமத்தூரில். தாத்தா சீக்கிரமே இறந்துவிட்டதால் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. சிவகாசிக்கு வந்து அச்சகத்தில் பேப்பர் அடுக்கும் வேலையில் சேர்ந்து, மை கலக்கக் கற்று, கடைசியில் நான்கு வண்ண மிஷினுக்கே பொறுப்பாளர் ஆனார்கள். இடது சுண்டு விரலின் நுனியை அந்த மிஷின் எடுத்துக்கொண்டது. அதைப் பற்றிக் கேட்டால், "அது அதோட வேலையத்தான் பாத்துச்சு, நான்தான் என் வேலையப் பாக்கல" என்பார்கள். அம்மா நோயில் கிடந்த மூன்று ஆண்டுகளும் விடியற்காலையில் எழுந்து சமைத்து வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். என்னை அச்சுத் தொழில்நுட்பம் படிக்க வைத்தார்கள். இன்று நான் கம்ப்யூட்டரில் நிறங்களை அளந்து சொல்வதை அப்பா வெறும் கண்ணால் சொல்வார்கள்.

முப்பது ஆண்டுகள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்கள். ஞாயிறு காலை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் நீலமோ சிவப்போ மிச்சம் இருக்கும். அந்த விரல்களில்தான் கட்டளைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டுவார்கள். பத்தாவது விரலுக்கு நுனி இல்லாததால் பத்தாம் கட்டளை மட்டும் எங்களுக்கு மறந்ததே இல்லை.

கட்டளைகளைப் பற்றி அப்பா சொன்ன ஒன்றை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஒருமுறை பிள்ளைகளில் ஒருத்தி கேட்டாள்: "சார், இம்புட்டையும் செஞ்சாத்தான் மோட்சமா?"

"இல்ல தாயி. வரிசையப் பாரு. முதல்ல ஆண்டவர் எகிப்து அடிமைத்தனத்துல இருந்து சனத்த வெளிய கூட்டியாந்தாரு. கடலத் தாண்ட வச்சாரு. அதுக்குப் பெறகுதான் மலையில வச்சுக் கட்டளையக் கொடுத்தாரு. காப்பாத்துறதுக்கு அது டிக்கெட்டு இல்ல. காப்பாத்துன பெறகு வீட்டுல எப்படி இருக்கணும்னு சொல்றது."

இதைவிடத் தெளிவாக எங்கள் பிரசங்க மேடையிலிருந்து நான் கேட்டதில்லை. அப்பாவுக்கு இறையியல் பட்டம் கிடையாது. பட்டம் பெற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கீழே பார்க்கலாம்.

சிவகாசியில் காலண்டர் அச்சிடுகிறவர் எதை அச்சிடுவார் என்பது வெளியூர் உறவினர்களுக்கும் தெரியும். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியானதும் ஆர்டர்கள் குவியும்: முருகன், பிள்ளையார், லட்சுமி, இயேசு, மக்கா. அப்பாவுடன் வேலை பார்த்த கருப்பசாமி மாமா பக்திமான். முருகன் முகம் மிஷினில் வந்ததும் முதல் தாளை அப்பாவிடம்தான் நீட்டுவார்.

"அண்ணாச்சி, முகத்துல மஞ்ச தூக்கலா இருக்கோ?"

"லேசா. கொறைங்க. காமாலை வந்த மாதிரி இருக்காரு."

"பாத்துப் பேசுங்க, அவரு கையில வேல் இருக்கு."

சிலையும் உருவமும் கூடாது என்பது இரண்டாம் கட்டளை. இந்தத் தொழில் அதை மீறுகிறதா என்று அப்பாவே தினமும் யோசித்தவர்கள். "நான் கும்பிடல. கும்பிடுறவுகளுக்கு ஒழுங்கா அடிச்சுக் கொடுக்கேன். இது சரியான்னு எனக்கு முழுசாத் தெரியல. தெரியலன்னு ஆண்டவர்ட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று என்னிடம் சொன்னதுண்டு. தன்மேல் சந்தேகம் வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் சபையில் அப்பாதான் என்று இப்போது தோன்றுகிறது.

காலண்டருக்கு வருகிறேன். சபைச் செயலர் ஒரு பட்டாசு கம்பெனி முதலாளி. அவரது வெடிப் பெட்டிகளின் லேபிளில் தாமரையில் லட்சுமி சிரிப்பாள். அந்த லேபிளும் அப்பாவின் மிஷினில்தான் ஓடியது. புரூப் பார்க்க அவரே வந்தார். பன்னிரண்டு கமிட்டி உறுப்பினர்கள், நடுவில் கொஞ்சம் பெரிதாகச் செயலர் என்று பதின்மூன்று முகங்கள். முகங்களைப் பெரிதாக்கினால் எழுத்து இடித்தது. வடிவமைப்பாளரின் தோளுக்குப் பின்னால் நின்று அவர் சொன்னது இது: "அந்தா, நீளமா ஒண்ணு இருக்குல்ல, அதத் தூக்கிருங்க. இடம் வந்துரும்." தூக்கினார்கள். இடம் வந்தது. மீதிக் கட்டளைகளின் எண்களைக் கம்ப்யூட்டர் தானே சரிசெய்துகொண்டது. தலைப்பு மட்டும் "பத்துக் கட்டளைகள்" என்றே நின்றது.

அப்பா புரூப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார்கள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கொறையுதே."

"எல்லாருக்கும் மனப்பாடம்தான? யாரு உக்காந்து எண்ணப் போறா? ஓட்டுங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். கருப்பசாமி மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. "பத்துல ஒண்ணு தள்ளுபடியா? நல்ல கமிட்டியா இருக்கே. எங்க சாமிகிட்டயும் பேசிப் பாக்கச் சொல்லுங்க அண்ணாச்சி, சஷ்டி விரதத்துல ரெண்டு நாள் கொறஞ்சா எனக்கு ஒத்தாசையா இருக்கும்."

அப்பா சிரிக்கவில்லை என்று மாமா சொன்னார். மிஷினை நிறுத்தியிருக்கலாம். சீசன் நேரம், காலண்டரின் மேல் விளிம்பில் தகரம் அடிக்கிறவர்கள் காத்திருந்தார்கள், அச்சக முதலாளியும் ஓட்டச் சொன்னார். ஓட்டினார்கள். அப்பா செய்த தவறு அதுதான். நான் மறைக்கப் போவதில்லை, அப்பாவே மறைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் காலண்டர் போயிற்று. ஜனவரி முதல் ஞாயிறு, அறிவிப்பு வாசித்து முடித்ததும் அப்பா எழுந்தார்கள்.

"நான் ஒரு தப்பு செஞ்சிருக்கேன். உங்க வீட்டுக்கு வந்த காலண்டர்ல ஒம்பது கட்டளைதான் இருக்கு. தெரிஞ்சே மிஷினை ஓட்டுனது நான். மன்னிச்சிருங்க."

அவ்வளவுதான். செயலரைப் பற்றி ஒரு சொல் இல்லை. எது விடுபட்டது என்றும் சொல்லவில்லை. கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒருவரும் கேட்கவில்லை. மின்விசிறிச் சத்தத்தில் அப்பா உட்கார்ந்தார்கள், அடுத்த பாட்டின் எண் அறிவிக்கப்பட்டது.

அடுத்த ஞாயிறு சேகர குரு ஐயா, நாம் கிருபையின் கீழ் இருக்கிறோம் என்றும், கட்டளைகளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பழைய நியாயப்பிரமாணத்துக்கு அடிமைகள் என்றும் முக்கால் மணி நேரம் பிரசங்கித்தார். மூன்று வாரம் கழித்து அதே ஐயாவின் கையொப்பத்தோடு கடிதம் வந்தது: விக்கிரகங்களை அச்சிடுவதைத் தொழிலாகக் கொண்டிருப்பதால் அப்பா திருவிருந்திலிருந்து விலக்கப்படுகிறார், ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பும் சபைப் பட்டியலில் பெயரும் இல்லை. முப்பது ஆண்டுகளாகத் தெரியாத தொழில் மூன்று வாரத்தில் தெரிந்துவிட்டது. கிருபை கமிட்டிக்கு, நியாயப்பிரமாணம் அப்பாவுக்கு. ஒரே மாதத்தில் இரண்டையும் வழங்கிய திறமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

அதன் பிறகும் அப்பா ஞாயிறு தவறாமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். திருவிருந்து நேரத்தில் வெளியே வந்து வேப்ப மரத்தடியில் நிற்பார்கள். அவர்களிடம் படித்தவர்கள், இன்று பெரிய வேலையில் இருப்பவர்கள், அந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். உங்களில் சிலருக்கு அந்தச் சுற்று வழி நினைவிருக்கும்.

இதய நோய் முற்றி, விருதுநகர் மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார்கள். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "அம்மா பக்கத்துல இடம் கெடக்கு. அங்கன வச்சிரு."

அப்பா இறந்த அன்று காலையே நானும் சித்தப்பாவும் குருமனைக்குப் போனோம். செயலர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்.

"பட்டியல்ல பேரு இல்லையேம்மா. நாங்க என்ன செய்ய?" என்றார் ஐயா.

"பேரை எடுத்தது எந்தக் கட்டளைப்படி?" என்று கேட்டேன்.

செயலர் பதில் சொன்னார். "இது கூடத் தெரியாதா? ரெண்டாங் கட்டளை. உபதேசியார் வீட்டுச் சின்னப் புள்ளயக் கேட்டாலும் சொல்லும்."

ஐயாவின் நாற்காலிக்குப் பின்னால் சபைக் காலண்டர் நவம்பரில் தொங்கிக்கொண்டிருந்தது. "அதுல காட்டுங்க" என்றேன்.

அவர் எழுந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டார். இரண்டு என்ற எண்ணில் விரலை வைத்து வாசிக்க ஆரம்பித்தார். அது கர்த்தருடைய நாமத்தை வீணாக வழங்குவதைப் பற்றிய கட்டளை; உண்மையில் மூன்றாவது. விரல் கீழே இறங்கியது, மறுபடி மேலே போனது. ஒன்பதையும் அவர் வாசிக்கும் வரை நாங்கள் காத்திருந்தோம். அவசரப்படுத்தவில்லை. விரல் கடைசியில் தன் புகைப்படத்தில் வந்து நின்றது.

தான் எதைத் தூக்கச் சொன்னோம் என்பது அவருக்கு அன்றுவரை தெரியாது. நீளமானது என்று மட்டும் தெரியும். பத்து மாதமாக அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்து ஜெபித்த ஐயாவுக்கும் தெரியாது. உருவம் வேண்டாம் என்று சொன்ன கட்டளையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பதின்மூன்று பேர் தங்கள் உருவத்தை வைத்துக்கொண்டு, அதே கட்டளையை மீறியதாக ஒரு மிஷின்மேனை வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். இதைத் திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும்.

"சாவு வீட்டுல இருந்து வந்துட்டு வக்கீல் மாதிரி பேசக் கூடாது" என்றார் செயலர்.

"கமிட்டி கூடணும்மா" என்றார் ஐயா.

"எப்ப?"

"அடுத்த மாசம்."

சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வா தாயி. அடுத்த மாசம் வரைக்கும் எங்க அண்ணன் காத்துக்கிட்டு இருக்க மாட்டாக."

ஆமத்தூரில் தாத்தாவை அடக்கம் செய்த இடத்தில், அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே அப்பாவை அடக்கம் செய்தோம். வேறு ஊர்ச் சபையில் ஊழியம் செய்து ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் தானாக வந்து ஜெபித்தார். அவரிடம் யாரும் பட்டியல் கேட்கவில்லை.

சென்ற வாரம் செயலர் போனில் அழைத்தார். இந்த மலருக்குக் கமிட்டி சார்பில் ஓர் அஞ்சலிச் செய்தி, படத்தோடு தருகிறார்களாம். "ஒரு பக்கம் ஒதுக்கினாப் போதும்மா. பழசை எல்லாம் மனசுல வச்சுக்காதீக."

செய்தியும் வந்து சேர்ந்தது. அப்பாவைச் சபையின் தூண் என்று எழுதியிருந்தார்கள். மலரில் உள்ளவற்றிலேயே அதுதான் நீளமாக இருந்தது. தூக்கிவிட்டேன், இடம் வந்தது.

நன்றிக்குரியவர்களைச் சொல்லி முடிக்கிறேன். மண் வெட்டவும் பெட்டி சுமக்கவும் தோள் கொடுத்த, இந்த மலரை அப்பாவின் மிஷினிலேயே ஓட்டித் தந்த கருப்பசாமி மாமா. "இவுக முகத்துக்கு நிறம் பாக்க இவுகளே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே அட்டைப் படத்தை நான்கு முறை மாற்றி அடித்தார். விருதுநகரிலிருந்து அப்பாவைத் தன் வேனில் கொண்டுவந்த, இந்த மலருக்குக் கட்டிங், பைண்டிங் செய்து தந்த பீர் முகமது மாமா. மருத்துவமனையில் முறை வைத்துத் துணையிருந்த சித்தப்பா, சித்தி. பெயர் தெரியாத அந்த உபதேசியார். இந்த வரிசையில் எங்கள் சபையிலிருந்து ஒரு பெயரையாவது சேர்க்க முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இல்லை.

பின் அட்டையில் கட்டளைகள் முழுமையாக அச்சாகியுள்ளன. அப்பா திருத்த நினைத்த பிழை அது ஒன்றுதான். எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைய நிலை: அம்மா சிவகாசிக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள், பக்கத்து இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. அப்பா ஆமத்தூரில் இருக்கிறார்கள். இடையே பஸ்ஸில் அரை மணி நேரம். சபைப் பட்டியலில் அப்பாவின் பெயர் இல்லை. சேர்க்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை.