விளக்கறை இளவரசிக்குப் பூசிய சாயம்

மூக்கு நுனியிலேயே கோபத்தை வைத்துக்கொண்டிருப்பவள் என்று சாயக்காவுக்கு நாடகக் குழுவில் பெயர். அவள் கோபத்துக்கு ஒரு நாளும் காரணம் இல்லாமல் போனதில்லை என்பதை மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒப்பனை அறையில் அடுத்தவர் முகத்துக்குச் சாயம் பூசுகிறவள். பூசுகிற சாயமே பெயராகிவிட்டது. சம்பளப் பட்டியல் எழுதுகிறவர்கூடப் பேனாவைத் தூக்கிப் பிடித்து ஒரு நிமிஷம் யோசித்துத்தான் அவளுடைய சொந்தப் பெயரை எழுதுவார்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. புதுச் சாயம் குழைத்தால், நடிக்கிறவரின் மணிக்கட்டின் உட்புறம் ஒரு பொட்டு, தன் மணிக்கட்டில் ஒரு பொட்டு வைப்பாள். இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பாள். நடிக்கிறவர் கையில் பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் தோலோடு கலந்துவிட்டால் சாயம் சரி. அவள் கையில் மட்டும் அது பளிச்சென்று நிற்கும். இருபத்திரண்டு வருஷமும் அப்படித்தான் நின்றது.

அவள் இங்கே வந்தது சாயம் பூச அல்ல, நடிக்க. அப்போது இருபது வயசு. இப்போதைய முதலாளியின் அப்பா அவளை வசனம் படிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணைத் திறந்ததும்தான் வினை. "குரல் தங்கம்தாம்மா. ஆனா இளவரசின்னா ஒரு இது வேணும் பாரு" என்றார். அந்த 'இது' எது என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. சூனியக்காரி வேஷம் தருகிறேன் என்றார். "சூனியக்காரிக்கு என் மூஞ்சி எதுக்கு சார், கரி இருக்கே" என்று சொல்லிவிட்டு ஒப்பனை அறைக்குள் போனவள்தான்.

குழுவுக்குச் சோறு போடுவது ஒரே கதை, 'விளக்கறை இளவரசி'. அந்த ஊரில் குழந்தைகளுக்குப் பால் குடிக்கும்போதே தெரிந்த கதை. சிற்றன்னை இளவரசியின் முகத்தில் விளக்குக் கரியைப் பூசி, அரண்மனை விளக்குகளைத் துடைத்துவைக்கும் விளக்கறையில் வேலைக்காரியாக ஒளித்துவைக்கிறாள். கடைசிக் காட்சியில் இளவரசன் வருகிறான். பணிப்பெண் குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்ற, இளவரசி முகம் கழுவுகிறாள். கரி போய் பால் மாதிரி முகம் வெளியே வருகிறது. "இருளெல்லாம் கழுவிப்போய் உன் உண்மை முகம் தெரிகிறது!" என்கிறான் இளவரசன். அரங்கம் அதிரும். தலைமுறை தலைமுறையாக அங்கேதான் கைதட்டல்.

குடுவை பிடிக்கும் பணிப்பெண், சாயக்காவின் அக்கா மகள். நாலு வருஷமாக அதே குடுவை, அதே ஒரு வரி: "தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன், அம்மணி." பணிப்பெண் வேஷத்துக்குச் சாயம் பூசுவதில்லை. சித்தியின் நிறம் அப்படியே, சித்தியின் குரலும் அப்படியே. கோபம் மட்டும் வரவில்லை. அதையும் சேர்த்துச் சாயக்காவே பட்டுக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கையில்தான் ஒரு நாள் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். "காலம் மாறிப்போச்சு. ஊர்ல எத்தனை இனம், எத்தனை நிறம்! எல்லாக் குழந்தையும் தன்னை மேடையில பாக்கணும். இந்த வருஷம் நம்ம இளவரசி கறுப்பு" என்றார்.

செய்தி பத்திரிகைக்குப் போனது. உடனே ஊரில் பாதிப்பேர் குய்யோ முறையோ என்று கத்தினார்கள். 'எங்கள் பால்ய கால இளவரசியைக் கெடுக்காதீர்கள்' என்று கடிதமாக வந்து குவிந்தது. ஒப்பனை அறையில் அக்கா மகளுக்கு அதை உரக்கப் படித்துக்காட்டிய சாயக்காவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "ஆமாம், இவரு மடியில வச்சு வளர்த்த பொண்ணு பாரு! கதையில வர்ற ஆளுக்கு நிறம் மாறினா இவருக்கு ஏன்டி வயிறு எரியுது? நம்ம சின்ன வயசுல நமக்கு எரிஞ்சதை எவன் கேட்டான்?"

முதலாளி அக்கா மகளைக் கூப்பிட்டு இளவரசி வசனத்தைப் படிக்கச் சொல்லியிருந்தார். அவளுக்குப் படிக்கக் காகிதமே தேவைப்படவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, "பிரமாதம். பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. அந்தப் 'பாத்துக்கலாமை' நம்பி அந்தப் பெண் மூன்று வாரம் கால் தரையில் படாமல் திரிந்தாள். சாயக்காவும்தான் நம்பினாள். இத்தனை வருஷம் அடிபட்டும் புத்தி வரவில்லையே என்று பிற்பாடு தன்னையே திட்டிக்கொண்டாள்.

சுவரொட்டி வந்தது. அதில் இருந்தது பளிங்கு. ஐந்து வருஷமாக இளவரசியாக நடிக்கும் பெண்ணுக்குக் குழுவில் வைத்த பெயர் அது. அதே பளிங்கின் முகத்தில் அச்சகத்துக்காரன் கறுப்பை ஏற்றியிருந்தான்.

சாயக்கா சுவரொட்டியைக் கிழிக்காத குறையாகச் சுருட்டிக்கொண்டு முதலாளி அறைக்குள் நுழைந்தாள். "இது என்ன சார் கூத்து?"

"பளிங்குக்குன்னு ஒரு கூட்டம் வருதுல்ல? அதை விட முடியுமா? நிறம்தானே வேணும், அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே." தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே சொன்னார். "ஒண்ணும் கஷ்டமில்லை. உங்க கலர்லயே குழைச்சிடுங்க."

சுவரொட்டியை அவர் மேஜைமேலேயே வீசிவிட்டு வந்தாள் சாயக்கா.

ஆனாலும் குழைத்தாள். வேலை என்று வந்தால் அவளுக்கு அரைகுறையாகச் செய்ய வராது, அது ஒரு வியாதி. தன் மணிக்கட்டில் ஒரு பொட்டு வைத்து ஜன்னலோரம் பார்த்தாள். பொட்டு இருந்த இடம் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகச் சாயம் அவள் கையில் கலந்து மறைந்தது. அது அடுத்தவள் முகத்துக்கு. அழுகை வந்தால்கூடத் தேவலை. வந்தது ஆத்திரம், கிண்ணத்தைச் சுவரில் அடிக்கலாமா என்கிற அளவுக்கு.

"எனக்கே ஒரு மாதிரி இருக்குக்கா" என்றாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பளிங்கு. "வேணாம்னா வேற ஆளைப் போட்டுக்கறேங்கறாரு."

"வேற ஆள் இங்கேயே குடுவை பிடிச்சுக்கிட்டு நிக்கறாளேன்னு சொன்னியா?"

பளிங்கு கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது என்று சாயக்காவும் விட்டுவிட்டாள்.

இன்னொரு சங்கதி சாயக்காவின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. குழுவில் இருக்கும் முகச்சாயம் எல்லாமே தண்ணீர் பட்டால் கரைகிற வகை. கரி ஒரே கழுவில் போகவேண்டும் என்பதற்காக அந்தக் காலத்திலேயே செய்த ஏற்பாடு. கரி போகிறபோது அடியில் பூசிய கறுப்பும் சேர்ந்து போகுமே! போய் முதலாளியிடம் சொன்னாள்.

"ஒத்திகையில நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஒத்திகையில தண்ணி ஏது சார்? உடுப்பு நனையும்னு வெறும் குடுவையைத்தானே கவுக்கறோம். தண்ணிக்கு நிக்கிற சாயம் வேற இருக்கு, தருவிக்கணும். அந்த இளவரசன் வசனத்தையும் பாருங்க. உண்மை முகம் அது இதுன்னு வருது."

"ஐயோ அக்கா! நாளைக்கு முதல் காட்சி. பூசுறது உங்க வேலை, கதை என் வேலை" என்று கையை ஆட்டிவிட்டுப் பத்திரிகைக்காரரோடு பேசப் போய்விட்டார்.

சரி, எக்கேடு கெட்டும் போ என்று முடிவு செய்துகொண்டாள் சாயக்கா.

மறுநாள் மதியக் காட்சி. பள்ளிக்கூடப் பிள்ளைகளால் அரங்கம் நிரம்பியிருந்தது. எல்லா நிறத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள், முதலாளி ஆசைப்பட்ட மாதிரியே. திரைக்கயிறு கட்டியிருக்கும் ஓரத்தில் சாயக்கா நின்றாள். கயிறு இழுக்கிறவருக்கு அன்று காய்ச்சல் என்பதால் அந்த வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது.

கடைசிக் காட்சி வந்தது. "தண்ணீர் கொண்டுவந்திருக்கிறேன், அம்மணி" என்றாள் அக்கா மகள். ஊற்றினாள். பளிங்கு முகத்தைத் தேய்த்தாள். கரி போனது. அதோடு சாயக்கா குழைத்த கறுப்பும் போய், கன்னத்தில் கோடுகோடாக வழிந்து, வெள்ளைவெளேர் என்று முகம் வெளியே வந்தது.

இளவரசனாக நடித்தவன் திருதிருவென்று விழித்தான். பிறகு எட்டு வருஷப் பழக்கம் அவன் வாயைத் திறந்தது. "இருளெல்லாம் கழுவிப்போய் உன் உண்மை முகம் தெரிகிறது!"

அரங்கம் அதிர்ந்தது. எப்போதும் போல, எப்போதையும்விட அதிகமாக. முதல் வரிசையில் ஒரு குட்டிப் பெண், சாயக்காவின் நிறம்தான், ஆறு வயசு இருக்கும், நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினாள். அதைப் பார்த்ததும் சாயக்காவுக்கு யாரைக் கொல்வது என்றே தெரியவில்லை. முதலாளியையா, அந்த வசனத்தை எழுதியவனையா, தெரிந்தே சாயத்தைப் பூசிய தன்னையா?

கைதட்டல் அடங்கவில்லை. பணிப்பெண் இந்த இடத்தில் குனிந்து பின்னால் நகர்ந்து போகவேண்டும். அக்கா மகள் போகவில்லை. குட்டிப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். குடுவையில் பாதித் தண்ணீர் மிச்சம் இருந்தது. அப்படியே தூக்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

கைதட்டல் நின்றது. அவள் இளவரசிக்காக வைத்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்து நெற்றி, கன்னம், கழுத்து என்று அழுத்தித் துடைத்தாள். துண்டை விரித்து அரங்கத்துக்குக் காட்டினாள். அதில் ஈரத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"என் முகத்தை யாரும் கழுவித் தரவேண்டாம்" என்றாள். அது எந்த நாடகத்திலும் இல்லாத வரி. அந்தப் பெண்ணுக்கும் கோபம் வரும் என்பது சாயக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. உடனே அக்கா மகள் ஒரு அடி முன்னால் வந்து, இளவரசியின் கடைசி வசனத்தை முதல் வரியிலிருந்து பேச ஆரம்பித்தாள். பளிங்கு மெல்ல விலகி அவளுக்கு இடம் விட்டாள்.

முதலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். "திரையைப் போடுங்க! போடுங்கக்கா! யாரைக் கேட்டு இவ பேசறா?"

சாயக்கா திரை விழாதபடி கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இளவரசி பேசறா சார். முடிக்கட்டும்."