மூன்று விரல் தாது உப்பு

கல்யாணத்துக்கு எடுத்த சேலைகளில் மிச்சமிருந்த ஒரே நல்ல சேலையின் முந்தானையை எங்கள் மாடு தின்றுவிட்டது. கொடியில் காயப்போட்டுவிட்டுத் திண்டுக்கல் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போயிருந்தேன். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் இடிபட்டு வந்து இறங்கினால், அது பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு நிற்கிறது. கடைவாயில் ஜரிகை தொங்குகிறது.

சேலையோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த வருஷம் முழுக்கத் தொழுவத்துச் சுவரின் சுண்ணாம்பை நக்கியே மண்ணைத் தெரியவைத்துவிட்டது. செருப்பைக் கடித்தது, சிமெண்டுச் சாக்கை மென்றது. வீட்டில் ஆளாளுக்கு அதைத் திருட்டு மாடு என்று திட்டினார்கள். மாமனார் அதன் வாய்க்குக் கூடு கட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை. அதன் தாய் ஈன்ற கையோடு செத்துப்போனபோது, புதுப்பெண்ணாக வந்திருந்த நான்தான் புட்டியில் பால் புகட்டி அதை ஆளாக்கினேன்.

தாடிக்கொம்புப் பக்கமிருந்து வரும் கால்நடை மருத்துவர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். “இது திருட்டுப் புத்தி இல்லை டீச்சர், சத்துக் குறைச்சல்.” மழை இல்லாத வருஷம், பச்சைப் புல் கண்ணிலேயே படவில்லை. வெறும் வைக்கோலும் சோளத்தட்டையும் தின்கிற மாட்டுக்குப் பாஸ்பரஸ் எங்கிருந்து வரும், செம்பும் துத்தநாகமும் எங்கிருந்து வரும்? அதைத் தேடித்தான் அது சுவரை நக்குகிறது, துணியைத் தின்கிறது என்றார். சினை ஊசி போட்டும் போட்டும் கரு தங்காததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். தினமும் ஒரு பிடி தாது உப்புக் கலவையைத் தவிட்டில் போட்டுக் கொடுங்கள், உடம்பு தேறட்டும், அப்புறம் ஊசி போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமா, அதாவது என் மாமனார், ஏற்கெனவே முடிவு சொல்லியிருந்தார். “அடுத்த ஊசியும் நிக்கலைன்னா சந்தைக்குத்தான் தாயி. பாலும் இல்ல, சினையும் இல்ல. வெறுமனே கட்டிவச்சு வைக்கோல் போட நம்மால முடியாது.” சினை பிடிக்காத மாடு சந்தையிலிருந்து எங்கே போகும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மறுநாளே டவுனில் பாக்கெட் வாங்கினேன். மாமாவிடம் கொடுத்து, கையை மடக்கிக் காட்டினேன். “ஒரு பிடி மாமா. தினமும். தவிட்டுல கலந்துருங்க.” அவர் தலையை ஆட்டினார். மாட்டுக்குத் தண்ணி காட்டுவதும் தவிடு வைப்பதும் அவர் பொறுப்பு. நான் காலையில் அவர் தொட்டியை நிரப்புவதற்கு முன்பே பஸ் ஏறிவிடுவேன், திரும்பி வரும்போது தொட்டி காய்ந்து கிடக்கும். கொடுக்கிறார் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். மாடோ சுவரை விட்டபாடில்லை.

பள்ளிக்கூடம் லீவு விட்ட ஒரு காலையில்தான் பார்த்தேன். மாமா கை கால் கழுவினார். வீட்டுக்குள் போய், பீடத்தில் அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்திலிருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலை எடுத்து வந்தார். நான் வாங்கி வந்த தூள் அதற்குள் இருந்தது. மூன்று விரலால் ஒரு சிட்டிகை எடுத்து, மாட்டின் நெற்றியில் சிலுவை போட்டு, நாக்கில் தடவிவிட்டு மூடியை இறுக்கினார்.

எங்கள் ஊரில் தை மாதம் வனத்து அந்தோனியார் பொங்கல் அன்றைக்கு மாடு கன்றுகளை எல்லாம் கோயில் வாசலுக்கு ஓட்டிப்போவார்கள். பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து, உப்பை மந்திரித்துக் கொடுப்பார். அது வருஷம் முழுக்க வீட்டில் இருக்கும். மாட்டுக்கு நோக்காடு என்றால் ஒரு சிட்டிகை. மாமா அதோடு நிற்காமல், மாட்டுக்கு வாங்குகிற மருந்து எதுவானாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கொண்டுபோய் மந்திரித்து வாங்கிவிடுவார். என் பாக்கெட்டையும் அப்படியே செய்திருக்கிறார். மந்திரித்துவிட்டால் அப்புறம் அள்ளிப் போடக் கூடாது.

“மாமா, ஒரு பிடின்னு சொன்னேன்ல!”

“ஆசீர்வாதம் பண்ணுனதைத் தவிட்டுல கொட்டச் சொல்றியா? மாடு சிந்தும், மிதிக்கும், அதும்மேலயே சாணி போடும். பாவம் தாயி.”

“அப்ப மந்திரிக்காமயே போடுங்க!”

“மந்திரிக்காம கொடுத்து என்ன புண்ணியம்?”

பிள்ளைகளுக்கு நாள் முழுக்க அறிவியல் பாடம் நடத்துகிறவள், தொழுவத்தில் வெறும் தவிட்டைப் பிசைந்து வைத்துவிட்டு வந்தேன். இதில் இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. மந்திரித்த பொருளை யாராவது கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாதாம். மேலத்தெருவிலிருந்து கீழத்தெரு வரை மாடு வைத்திருந்தவர்கள் எல்லோரும், சாதி சமயம் பார்க்காமல், வந்து ஆளுக்கொரு சிட்டிகை வாங்கிப் போயிருந்தார்கள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “அவரு போக்குல விடேன், பெரிய மனுசன்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருத்துவரையே மறுபடி வரச் சொன்னேன். மாமா அவரிடம் “சரிங்க சார், சரிங்க சார்” என்று கும்பிட்டார். மறுநாள் காலையிலும் அதே மூன்று விரல்தான்.

இரண்டாவது பாக்கெட்டை ஒளித்து வைத்தேன். விடிந்தும் விடியாமலும் ஒரு பிடி அள்ளித் தவிட்டில் பிசைந்து தொட்டியில் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். சாயங்காலம் வந்தால் தொட்டி பளிச்சென்று இருக்கிறது. ஆகா, மாடு வழித்துத் தின்றுவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். மாமா சொன்னார், “தவிட்டுல எப்படியோ மண்ணு விழுந்திருச்சு தாயி. நறநறன்னு இருந்துச்சு. எல்லாத்தையும் தென்னைக்கு ஊத்திட்டுக் கழுவி வச்சுட்டேன்.” அது மண் இல்லை, மருந்து என்று கத்தினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாக்கெட்டும் பூசைக்குப் போனது.

மாமாவைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் சோறு இறங்காத மனுஷன். பிரியத்துக்குக் குறைவே இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது. பிரியம் இல்லாதவரிடம் சண்டை போட்டு ஜெயித்துவிடலாம், இவரிடம் எப்படிப் போடுவது?

உடம்பு தேறுவதற்குள் போட்ட அடுத்த ஊசியும் நிற்கவில்லை. மாமா சொன்ன சொல் மாறவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் வியாபாரி மினி லாரியோடு வந்தார். பேச்சு முடிந்தது. மாமா மூக்கணாங்கயிற்றில் கட்டியிருந்த பிடிகயிற்றை வைக்கோலோடு சேர்த்து அவர் கையில் கொடுத்தார். கயிறு கை மாறிவிட்டால் அப்புறம் வாங்கினவரும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது, விற்றவரும் திரும்பக் கேட்கக் கூடாது. அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நான் வாசற்படியில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

மாமா திடீரென்று உள்ளே போய்ப் பாட்டிலை எடுத்து வந்தார். “இனி யாருக்கு இது, போற உசுருக்குத் துணையா இருக்கட்டும்” என்றபடி ஊரார் வாங்கிப் போனதுபோக மிச்சமிருந்ததை அப்படியே உள்ளங்கையில் கவிழ்த்து மாட்டின் முகத்துக்கு நேராக நீட்டினார். ஒரு முழுப் பிடி.

மாடு முகத்தைத் திருப்பவில்லை. ஒரே மூச்சில் நக்கியது. உள்ளங்கை தீர்ந்ததும் விரலிடுக்கை நக்கியது, மணிக்கட்டை நக்கியது. வியாபாரி கயிற்றை இழுத்தும் நகரவில்லை. பாட்டிலின் வாய்க்குள் நாக்கை விடப் பார்த்தது.

மாமா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். “இம்புட்டையும் திங்குதே தாயி” என்றார்.

“அதைத்தானே மாமா அன்னைக்கிலருந்து சொல்லிக்கிட்டு இருக்கேன்!” தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

அவர் காலிப் பாட்டிலைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்ததை உள்ளங்கையில் தட்டினார். மாடு அதையும் நக்கியது.

“இன்னொரு பாக்கெட் வச்சிருக்கியா தாயி?” என்றார். வியாபாரி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு லாரியின் பலகையைத் தாழ்த்திக்கொண்டிருந்தார்.