ஹெலன் பெயர் வெட்டிய தட்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது. பெயர் வேண்டாம். அதன் புகைபோக்கி விடுகிற மூச்சில், பக்கத்துத் தெருக்களில் காயப்போட்ட வெள்ளை வேட்டியெல்லாம் விடிவதற்குள் சாம்பல் நிறமாகிவிடும். அந்தத் தொழிற்சாலைக்குத் திடீரென்று சுற்றுச்சூழல் மேல் பாசம் பொங்கியது. பாசம் போய் விழுந்த இடம், இம்மானுவேலின் பழைய பிக்கப்.

தொழிலாளர்களுக்கு மதியச் சாப்பாட்டை ஏற்றிவருவது இம்மானுவேலின் வேலை. மனைவி ஹெலன் கூடவே வந்து பரிமாறுவார். இரண்டு பேருக்கும் பிழைப்பு அந்த ஒரு நடைதான். கிழட்டு வண்டியை நம்பி வேறு யாரும் லோடு தருவதில்லை.

சில மாதம் முன்பு வண்டி கரும்புகை கக்கி, மேம்பாலம் ஏற மறுத்தது. மெக்கானிக் அப்பாவு பானெட்டைத் திறந்து பார்த்தான்.

"ஈ.ஜி.ஆர் வால்வு கரி புடிச்சி மூடாம மாட்டிக்கினு கீது. இன்ஜின் உட்ட பொகய அதுக்கே திருப்பி ஊட்ற சாமான். புச்சு போடறியா?"

"புச்சு போட்ற மூஞ்சா இது?"

"அப்ப பொக திரும்பிப் போற வழிய அடச்சிடலாம். ஊட்லேர்ந்து ஒரு எவர்சில்வர் தட்டு எடுத்துனு வா. தகரம் வெந்து பூடும்."

இம்மானுவேல் அடுக்கின் அடியிலிருந்த தட்டைக் கொண்டுவந்தார். அப்பாவு அதில் ஒரு துண்டு வெட்டி, பிடித்து இழுக்க ஒரு காதும் விட்டுச் செருகினான். வண்டி மேம்பாலத்தில் பறந்தது. ஹெலனின் தாய்வீட்டுச் சீர்த் தட்டு அது என்பதும், காதில் இருப்பது அவர் பெயர் என்பதும் இருவருக்கும் உறைக்கவில்லை.

இப்போது தொழிற்சாலை கேட்டில் வண்டிகளுக்குப் புகைச் சோதனை தொடங்கியது. புதிதாக வந்த அதிகாரி ஜகந்நாதன், திருவள்ளூர்க்காரர், பானெட்டுக்குள் குனிந்தார்.

"ஹெலன்... இது எந்தக் கம்பெனி ஸ்பேர்?"

ஹெலன் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "கம்பெனி இல்ல சார். நானு." பிறகு புருஷனிடம், "இத்த காணோம்னு உன் தங்கச்சிய திருடின்னுட்டேன். அவ பேச்சையே நிறுத்திட்டா. இங்கயா கீது?"

ஜகந்நாதன் நிமிர்ந்தார். "பாகத்தை அடைச்ச வண்டி உள்ள வரக்கூடாது. எடுங்க."

"எடுத்தா பொக கக்கும் சார்," என்றார் இம்மானுவேல்.

"புகை விட்டாலும் வரக்கூடாது."

"அப்ப எப்டிதான் சார் வர்றது?"

"புது வால்வு போடுங்கோ."

"நட இருந்தாதான சார் வால்வுக்குத் துட்டு."

உள்ளே சாப்பாட்டுச் சங்கு ஊதியது. இம்மானுவேல் விரல் பொசுங்கத் தட்டுத் துண்டை உருவினார். ஸ்டார்ட் செய்தார். கரும்புகையில் கேட்டே மறைந்தது. இருமி முடித்த ஜகந்நாதன் தலையாட்டினார்: முடியாது.

"நாங்க தூக்கினு போறோம் சார்," என்றார் இம்மானுவேல். "எங்களுக்குப் பொக வராது."

இருவரும் சோற்று அண்டாவின் இரு வளையங்களைப் பிடித்துக்கொண்டு தார்ச்சாலையில் ஓடினார்கள். சாம்பாருக்கு இன்னொரு நடை, பொரியலுக்கு இன்னொன்று. கடைசி அண்டா போய்ச் சேர்ந்தபோது பாதிப்பேர் வெறும் வயிற்றோடு மெஷினுக்குத் திரும்பியிருந்தார்கள். நாளை வரவேண்டாம் என்று கேண்டீன் காண்ட்ராக்டர் போனில் சொன்னார்.

மறுநாள் இன்னொரு பிக்கப் சோறு ஏற்றிப்போனது. ஜகந்நாதன் உள்ளே குனிந்து பார்த்து, திருப்தியாகக் கையசைத்தார். அதையும் அடைத்தது அப்பாவுதான். இந்தத் தடவை பெயர் இல்லாத பக்கமாக, வெளியே தெரிகிற காதும் விடாமல், வெட்டியிருந்தான். தட்டு மட்டும் அதே தட்டு. மிச்சம் அவன் பட்டறையிலேயே கிடந்தது.