குஞ்சம்மாள் ஓட்டிப் போன கிடா

சின்னசேலத்துக்குக் கிழக்கே ஒரு கூலிக்காரத் தெருவில் குடியிருந்தாள் குஞ்சம்மாள். களை எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பிடிவாதத்திலும் அப்படித்தான். ஞானஸ்நானம் வாங்கி நாலு வருஷமாகியும் ஞாயிறு ஆராதனையில் நற்கருணை அப்பம் வாங்க மட்டும் எழுந்து போகமாட்டாள். எல்லோரும் முன்னே போய் முழங்காலில் நிற்க, இவள் கடைசிப் பாயில் சுவரோடு ஒண்டிக் கிடப்பாள்.

எல்லாம் பூமாலையால்தான். அவளுடைய ஒரே மகள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், மல்லாட்டைக் கடலை பிடுங்கும் நாள் ஒன்றில், இரண்டு வயதுப் பிள்ளைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அன்றைய கூலியை விட மனசில்லாமல், பக்கத்து வீட்டுப் பெரியம்மாள் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டுப் போனாள். பொழுது சாயத் திரும்பியபோது பிள்ளைக்கு உயிர் இல்லை. அன்றிலிருந்து ஞானஸ்நானம் வாங்கும் வரை ஆடிக்கு ஆடி அம்மனுக்குச் சேவல் அறுத்தாள். அறுத்த பிறகு ஒரு மாசம் மனசு லேசாக இருக்கும். அடுத்த ஆடி நெருங்கினால் போதும், பிள்ளையை விட்டுப் போன பாவம் தீரவில்லையோ என்ற பயம் திரும்ப வந்துவிடும். பெரியம்மாளோடு பேச்சுவார்த்தை உண்டு. ஆனால் பூமாலை என்ற பேரை மட்டும் இரண்டு பேருமே எடுத்ததில்லை.

வேதக்கோயிலில் ஒரு நாள், பாவம் செய்தவர்கள் பலிக்குப் பழுதில்லாத கிடாவைக் கொண்டுவந்தார்கள் என்று யாரோ வேதத்திலிருந்து வாசித்தார்கள். அவ்வளவுதான்! மீதியை அவள் காதில் வாங்கினால்தானே? உடனே கிடாக்குட்டி வளர்க்கத் தொடங்கிவிட்டாள். முதல் குட்டியின் காதை நாய் கடித்தது. இரண்டாவதற்குக் கண்ணில் பூ விழுந்தது. மூன்றாவது, அடேயப்பா, மாப்பிள்ளை கணக்காய் வளர்ந்தது! மழைக்கும் பனிக்கும் அதை வீட்டுக்குள் கட்டிவிட்டு, இவள் வாசலில் படுத்தாள்.

நற்கருணை ஞாயிறன்று அதைக் குளிப்பாட்டி ஓட்டிக்கொண்டு போனாள். தார் ரோட்டில் லாரிக்காரன் ஒருவன் ஹாரன் அடித்துத் தொலைத்தான். மிரண்ட கிடா மைல்கல்லில் மோதி ஒரு கொம்பை உடைத்துக்கொண்டது. குஞ்சம்மாள் கோயில் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"மூணாவதும் பழுதாப் போச்சுங்களே! நான் இன்னா பண்ணுவேன்?"

போதகருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டதும் அவரும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அது கடவுள் முன்ன சனங்களோட பண்ணின பழைய உடன்படிக்கைம்மா. சட்டம் கல்லுல எழுதியிருந்துச்சு. சனங்க தப்பு பண்றதும் ஓயல, கிடா வெட்றதும் ஓயல. இது புதுசு. பழுதில்லாத கர்த்தரே ஒரே தடவ சிலுவையில தன் ரத்தத்தக் குடுத்துட்டாரு. இப்ப அந்தச் சட்டத்த நம்ம மனசுலயே எழுதுறாரு."

குஞ்சம்மாள் மூக்கைச் சிந்தினாள். "அப்ப இந்த வருசத்துக்கு வேணாங்களா?"

"வேணாம்."

"வர்ற ஆடிக்கு?"

"வேணாம்மா."

"அதுக்கும் அடுத்த வருசம் கேப்பாருங்களா?"

"கேக்கவே மாட்டாரு. அவரு மன்னிச்சு மறந்துட்டாரு. நீங்கதான் சொமந்துக்கினு கெடக்கறீங்க."

அன்று அவள் முன்னே போய் முழங்காலில் நின்றாள். அப்பத்தை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கினாள். வெளியே வேப்பமரத்தில் கட்டியிருந்த கிடா கத்திக்கொண்டே இருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

திரும்பும் வழியில் பெரியம்மாள் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, கிடாவத் திரும்ப ஓட்டிக்கினு வர்ற? உங்க சாமி வேணாம்னுடுச்சா?"

"ஆமாக்கா, வேணாம்னுடுச்சு. இனிமேட்டு எப்பவுமே வேணாமாம். நம்ம பூமாலைக்காவத்தான் வளத்தேன்."

பெரியம்மாள் கையிலிருந்த அரிவாள் நழுவிப் புல்லில் விழுந்தது. பிள்ளை தன் கையில் போயிற்றே என்று பத்தொன்பது வருஷமாக அவள் இந்தப் பேச்சுக்குப் பயந்திருந்தாள்; இப்போது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். குஞ்சம்மாள் வரப்பில் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடுத்துச் சொன்னதை யாரும் குஞ்சம்மாளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"உம்மேலயும் ஒண்ணும் இல்லக்கா. அழுவாத."