பிரேக் முடியும்வரை ஓடிய மில்

"லாரிய நிறுத்துங்க! ஹோஸ் செத்துப்போச்சு, கரண்டே கடத்தல!" லேப் ஸ்டெல்லா அக்கா கையில் மீட்டரோடு ஓடிவந்தார். எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவின் சுங்கைப் பட்டாணி ரப்பர் தொழிற்சாலையில், கார்பன் பிளாக் எனும் கரித்தூளை மில்லில் போட்டு ரப்பரோடு அரைக்கும் அறை என் பொறுப்பு.

லாரியில் ஏறியிருந்தவை பெட்ரோல் இறக்கும் ஹோஸ்கள். பெட்ரோல் பாயும்போது உண்டாகும் மின்சாரத்தை அந்த ரப்பர் தரைக்குக் கடத்த வேண்டும். கடத்தாவிட்டால் பொறி பறக்கும். ரப்பருக்குள் கரித்தூள் சங்கிலியாகக் கோத்து நின்றால்தான் கடத்தும்.

"பார்க்க என்னா பளபளன்னு இருக்கு, சந்தேக் லாஹ், அழகுதான்!" என்று டெஸ்டுக்குக் காத்திராமல் ஏற்றச் சொன்னவர் சூப்பர்வைசர் பெர்னார்ட் அண்ணன். இப்போது அவர், "கார்பன் மூட்டையிலதான் கோளாறு. சப்ளையர்கிட்ட கேப்போம்" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் அடுத்த ஹோஸும் இப்படித்தான் வரும் என்று எனக்குத் தெரியும்.

"மூட்டை நல்லாத்தான் இருக்குண்ணே. ஆறு நிமிஷம் ஓட வேண்டிய மில்ல நான் டீ பிரேக் முடியிற வரைக்கும் ஓடவிட்டேன்."

அதிகம் அரைத்தால் சங்கிலி அறுந்துபோகும், ரப்பர் மட்டும் பளபளக்கும். இது தெரிந்தே செய்தேன்.

"தெரிஞ்சுமா? ஏன்டா?"

"கேன்டீன்ல தனியா உட்காரப் பிடிக்கலண்ணே."

எத்தனை சோப்புப் போட்டாலும் உடம்பில் ஒட்டிய அந்தக் கரி போகாது. வீட்டுக்குப் போகும் மெர்போக் பஸ்ஸில் என் பக்கத்து சீட் காலி. மாதா கோயிலில் கடைசி பெஞ்சு எனக்கு மட்டும். கேன்டீனில் நான் போய் உட்கார்ந்தால் எல்லாரும் தட்டைத் தூக்கிக்கொண்டு நகர்வார்கள். மில் ஓடினால் வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். வெட்கமாக இருந்தது, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

"அடப்பாவி, அதுக்காகவா? பெட்ரோல்டா அது! ஆள் செத்திருப்பான்!" என்று கத்தினார். ஹோஸ்களை எல்லாம் இறக்கி வெட்டினோம். எனக்கு வார்னிங் லெட்டர்.

மறுநாள் ஆறாவது நிமிடம் மில்லை நிறுத்தினேன். கேன்டீனில் பால் இல்லாத கோப்பி ஓ வாங்கி உட்கார்ந்தேன். வெள்ளைச் சட்டையோடு பெர்னார்ட் அண்ணன் வந்து எதிரில் உட்கார்ந்தார். "குடிடா, ஆறிடும்" என்றார்.

இப்போது கரித்தூளுக்குப் பதிலாகக் கார்பன் நானோடியூப் போடுகிறார்களாம். அதையும் மிஞ்சி அரைத்தால் முறிந்துவிடுமாம். தம்பிகளா, உங்கள் மனக்கஷ்டத்தை மெஷினில் காட்டாதீர்கள்.

அண்ணன் வந்தது அந்த ஒரு நாள்தான். அதற்குப் பிறகு பல வருடம் தனியாகவே குடித்தேன். மில்லை மட்டும் ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடவிட்டதில்லை.