புள்ளியும் புள்ளையும்

எங்களை ஆளாக்கிய அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அழுதுகொண்டே எழுதினால் அவருக்கே பிடிக்காது. ஆகவே, உறவினர்களில் பாதிப்பேர் அரைகுறையாக அறிந்த அந்தப் படிப்புக் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பிறந்தது தேவாரத்தில், அம்மாவின் ஊரில். வளர்ந்தது போடியில். அம்மா தவறியபோது தம்பி கைக்குழந்தை. எங்கள் தந்தையை ஐயா என்றுதான் அழைப்போம். ஏலக்காய்க் கொள்முதலுக்காகப் பெரும்பாலும் போடிமெட்டுக்கு மேலேயே இருப்பார். அடுப்பையும் எங்களையும் பார்த்துக்கொண்டே அக்கா பி.யு.சி. தேறினார்.

எழுபதுகளில் பெண்ணைப் பட்டப்படிப்புக்கு அனுப்புவதென்றால் மனையியல், மிஞ்சினால் தமிழ் இலக்கியம். பல்கலைக்கழகத்தின் பாடப்பிரிவுகளையெல்லாம் அலசிவிட்டு, அக்கா புள்ளியியல் என்று முடிவெடுத்தார். ஐயா ஜீப்பில் ஏறும் அவசரத்தில் கேட்டார்.

"என்ன படிப்பு தாயி அது?"

"புள்ளியியல், ஐயா."

"புள்ள இயலா? புள்ள வளக்குற படிப்புத்தான? நல்லதாப் போச்சு, சேந்துக்க."

எங்கள் ஊர் வாயில் பிள்ளை 'புள்ள'தானே! திருத்தத்தான் செய்ததாகவும், ஜீப்புச் சத்தத்தில் ஐயாவுக்குக் கேட்கவில்லை என்றும் அக்கா பின்னாளில் சாதித்தார். நான் நம்பவில்லை.

அக்காவுக்கு மதுரையில் விடுதி; ஐயாவின் தங்கையான அத்தை போடிக்கு வந்து எங்களைப் பார்த்துக்கொண்டார். விடுமுறைக்கு வந்தால் வீட்டுப் பொறுப்பு அக்காவுடையது. இரண்டாம் ஆண்டில் பெண் பார்க்க வந்தார்கள்.

"புள்ள வளக்குறதக் காலேசுல படிக்கியாமே, பச்சப்புள்ளைக்கு மாந்தம் வந்தா என்னத்தா செய்வ?" என்றார் மாப்பிள்ளையின் தாயார்.

"நான் படிக்கிறது புள்ள இல்ல அத்தை, புள்ளி. கணக்குப் படிப்பு. மாந்தத்துக்கு ஒங்களத்தான் கேக்கணும்."

வந்தவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்கள். ஐயா கொதித்தார்.

"ஊரு பூராம் சொல்லித் திரிஞ்சேனே! போதும் ஒம் படிப்பு. வீட்டுச் சோலியப் பாரு."

"அதையும் பாப்பேன், ஐயா. தங்கச்சி தம்பியவும் ஆளாக்குவேன். பரீச்சைய மட்டும் விடமாட்டேன். திங்கக்கிழமை பஸ்சுக்குப் போறேன்."

சொன்னபடி திங்கள் காலை பெட்டியோடு நடந்தார். நான் அழுதுகொண்டே பின்னால் போனேன். தெருமுனையில் ஐயாவின் ஜீப் நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டே, "வெரசா ஏறு. பஸ்சு போயிரும்," என்றார். அந்த ஒரு சொல்லுக்காக ஐயாவை இன்றும் வணங்குகிறேன்.

பட்டம், முதுகலை, எண்பதுகளில் கல்லூரி விரிவுரையாளர் வேலை. கல்யாணப் பேச்செடுத்தால், "ரெண்டு புள்ளைய இன்னும் வளத்து முடிக்கல," என்று எங்களைக் காட்டுவார். தம்பி வேலைக்குப் போன பிறகும் அதே பதில்தான். பொட்டிபுரம், தேவாரம் என்று வீடு வீடாகப் போய், பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கச் சொல்லி மல்லுக்கு நிற்பார். என்ன பாடம் என்பதைப் பெற்றவர்களுக்கு எழுத்தெழுத்தாக நிறுத்திச் சொல்வார். ஐயாவிடம் பட்ட அனுபவம்!

கடைசி நாட்களில் துணையிருந்த அத்தை மகனுக்கும், முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும், எங்கெங்கிருந்தோ ஓடிவந்த மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. "பெத்த புள்ளைக இல்லையாம்மா?" என்று ஒரு செவிலியர் கேட்டார். கட்டிலைச் சுற்றி நின்ற எங்களையும் மாணவிகளையும் அக்கா ஒருமுறை பார்த்தார்.

"எங்க ஐயா சொன்ன படிப்பவும் சேத்துத்தான் பாஸ் பண்ணிருக்கேன், தாயி."