இஹ்ராமில் இறங்கிய சாயம்

வாப்பா மக்காவுக்கு உம்றாப் பயணம் போகும்போது, அங்கே உடுக்கும் வெள்ளை இஹ்ராம் துணிக்கு மேல் கட்ட, கல்முனையிலுள்ள என் தோல்வேலைக் கடையில் நானே ஒரு தோல் பெல்ட் செய்தேன். கருஞ்சிவப்புச் சாயமிட்டேன். சாயம் இறங்காமலிருக்க மேலே லாக்கர் பூச்சு அடிக்க வேண்டும். அடித்தால் பிளாஸ்டிக் போல மினுங்குமே என்று வெறும் தேங்காயெண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டேன்.

திரும்பி வந்தவர், தான் இறந்தால் உடலைப் பொதியும் கபனாகட்டும் என்று மக்காவின் புனித ஸம்ஸம் நீரில் நனைத்துக் கொண்டுவந்த அந்த வெள்ளைத் துணியை விரித்தார். இடுப்பு வியர்வையில் சாயம் இறங்கிச் சிவப்புக் கோடாய்க் கிடந்தது.

பறித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். சவர்க்காரம் போட்டேன், தேசிக்காய்ப் புளி தேய்த்தேன், நகத்தால் சுரண்டினேன். கறை பரவியதுதான் மிச்சம். அழுதுவிட்டேன்.

"உட்டுடு மகன். உன்ட கைவேலையும் என்னோட கபுறுக்குழிக்கு வரட்டும்" என்றார் வாப்பா.

இப்போது எந்தத் தோலையும் வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்காமல் கொடுப்பதில்லை. அந்தத் துணி அலுமாரியில் இருக்கிறது. அதை ஒருநாள் விரிக்கப்போகிறவனும் நான்தான்.